சிரிப்பும் வலிப்பாக இருக்கலாம்... கத்தி படாத மூளை சிகிச்சையும், அதற்குப் பிறகான காத்திருப்பும்!

பச்சிளம் குழந்தை தூக்கத்தில் சிரித்தால், "நரி விரட்டுது" என்பார்கள் பாட்டிகள். அம்மாவும் அப்பாவும் அந்தச் சிரிப்பை செல்போனில் பிடித்து ஃபேமிலி குரூப்பில் போடுவார்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. பிறந்த சில வாரங்களில் குழந்தைகள் தூக்கத்தில் சிரிப்பதும் முகம் சுளிப்பதும் இயல்பு.

இப்போது வேறொரு சிரிப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்து கார் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை, வேடிக்கையாக எதுவும் நடக்கவும் இல்லை. சட்டென்று ஒரு சிரிப்பு. முகம் சிவக்கிறது, ஆனால் கண்ணில் மகிழ்ச்சி இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பதினைந்து, இருபது விநாடி கழித்து சுவிட்சை அணைத்ததுபோல் சிரிப்பு நின்றுவிடுகிறது. குழந்தை மறுபடி காரை உருட்டுகிறது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அதே சிரிப்பு, அதே நீளம். தினமும் பத்து முறை, இருபது முறை.

இதற்கு ஜெலாஸ்டிக் வலிப்பு என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஜெலோஸ்' என்றால் சிரிப்பு. வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சிதான் நம் நினைவுக்கு வரும். சிரிப்பும் வலிப்பாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் குழந்தைகளில் பலருக்கு நோய் என்னவென்று கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. சேட்டை என்கிறார்கள், கவனக்குறைவு என்கிறார்கள், வகுப்பில் காரணமில்லாமல் சிரித்ததற்காக வெளியே நிற்கவும் வைக்கிறார்கள்.

கட்டிதான், ஆனால் புற்றுநோய் இல்லை

குழந்தைக்கு இந்தச் சிரிப்பு வலிப்பு வந்தால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது 'ஹைப்போதலாமிக் ஹமார்ட்டோமா'வைத்தான். பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை. மூளையின் அடிப்பகுதியில், நட்டநடுவில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதி ஹைப்போதலாமஸ். பசி, தாகம், தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் என்று வீட்டு மெயின் போர்டு மாதிரி பல வேலைகளைப் பார்க்கிறது. குழந்தை கருவில் இருக்கும்போதே அந்த இடத்தில் நரம்பு செல்கள் சில முறையாக அடுக்கப்படாமல் ஒரு முடிச்சாகத் திரண்டுவிடுவதுதான் ஹமார்ட்டோமா.

இது பரவாது. குழந்தை வளரும்போது மூளையோடு சேர்ந்து அதே விகிதத்தில் வளரும், அவ்வளவுதான். அம்மா கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிட்டார், கிரகணத்தன்று வெளியே போனாரா என்பதற்கெல்லாம் இதில் சம்பந்தமே இல்லை. மிக அரிதான பிரச்னை. தோராயமாக இரண்டு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கு வலிப்போடு கூடிய ஹமார்ட்டோமா இருப்பதாக ஸ்வீடனில் எடுக்கப்பட்ட கணக்கு சொல்கிறது.

'மூளையின் மேற்பரப்பில்தானே வலிப்பு தொடங்கும்? இவ்வளவு ஆழத்தில் இருக்கும் முடிச்சு எப்படி வலிப்பைக் கிளப்பும்?' என்ற கேள்வி மருத்துவர்களுக்கே நீண்ட காலம் இருந்தது. 1990-களில் மெல்லிய மின்முனைகளை அந்த முடிச்சுக்குள்ளேயே செலுத்திப் பதிவு செய்தபோதுதான் விடை கிடைத்தது. வலிப்பின் மின்சாரம் அந்த முடிச்சிலிருந்தே புறப்படுகிறது. அப்படியானால் அதை அகற்றினாலோ, செயலிழக்கச் செய்தாலோ வலிப்பு நிற்க வேண்டும்!

இதே காரணத்தால்தான் பல குழந்தைகளுக்கு இ.இ.ஜி 'நார்மல்' என்று வருகிறது. தலைக்கு மேல் ஒட்டும் மின்முனைகளுக்கு அவ்வளவு ஆழத்தில் நடப்பது எட்டுவதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்பதால் 'இது வலிப்பு இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகள் உண்டு. சி.டி ஸ்கேனிலும் சிறிய ஹமார்ட்டோமா தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ-யில்தான் தெளிவாகத் தெரியும். அதிலும், சிரிப்பு வலிப்பு என்ற சந்தேகத்தை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த இடத்தைத் தனியாக நுணுக்கிப் பார்ப்பார்கள்.

இங்கே உங்கள் கையிலிருக்கும் போன் உதவும். அந்தச் சிரிப்பை, தொடங்கும் நொடியிலிருந்து முடியும்வரை, முகம் தெரியும்படி வீடியோ எடுங்கள். நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குழந்தை திரும்புகிறதா என்பதும் பதிவாகட்டும். மருத்துவரிடம் பத்து நிமிடம் விவரிப்பதைவிட இருபது விநாடி வீடியோ அதிகம் சொல்லும்.

மாத்திரை கேட்காத வலிப்பு

இந்த வலிப்பு சிரிப்போடு நின்றுவிட்டால் பெரிய கவலை இல்லை. பல குழந்தைகளுக்கு வளர வளர வேறு வகை வலிப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. தடாலென்று விழுவது, விறைப்பது, நினைவு தப்புவது எனப் பட்டியல் நீள்கிறது. படிப்பில் பின்தங்கலாம். கட்டுப்படுத்த முடியாத கோபம் வரலாம். சிரித்த முகத்தோடு இருந்த பிள்ளை தட்டைத் தூக்கி எறிகிறது, தம்பியைக் கடிக்கிறது. சில குழந்தைகளுக்கு வயதுக்கு முன்பே பருவமடைதலின் அறிகுறிகள் தெரியலாம். ஆறுதல் என்னவென்றால், அந்த ஒரு பிரச்னைக்குத் தனியாக ஹார்மோன் ஊசி இருக்கிறது. அதற்காக மட்டும் மூளையைத் தொட வேண்டியதில்லை.

வலிப்பு மாத்திரைகள் இந்தச் சிரிப்பைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்று சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்பு சங்கம் 2010-ல் வரையறுத்தது. அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை வாய்ப்பை ஆராயும் மையத்துக்குக் குழந்தையை அனுப்ப வேண்டும். மூன்றாவது மாத்திரை, நான்காவது மாத்திரை, அதற்கு மேல் ஒரு கோயில் வேண்டுதல் என்று வருடங்கள் ஓடுவது இந்த இடத்தில்தான். வேண்டுதல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், ரெஃபரல் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

பெயரில் மட்டும் கத்தி

ஹமார்ட்டோமா இருக்கும் இடம் அறுவை சிகிச்சைக்கு மிகவும் சிரமமானது. முன்னால் பார்வை நரம்புகள், கீழே பிட்யூட்டரி சுரப்பி, பக்கத்திலேயே நினைவாற்றலுக்கான நரம்புப் பாதைகள். கத்தி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பார்வை, நினைவு, ஹார்மோன் என ஏதாவது ஒன்று பாதிக்கப்படலாம். பசி அடங்காமல் உடல் எடை ஏறிக்கொண்டே போகும் பிரச்னையும் வரலாம்.

மண்டையைத் திறக்காமல் உள்ளே சிகிச்சை செய்ய முடியுமா என்று யோசித்தவர் ஸ்வீடனின் நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல். 1951-ல் 'ரேடியோ சர்ஜரி' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். உயிரி இயற்பியலாளர் போர்யே லார்சனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் 'காமா நைஃப்' கருவி 1968-ல் ஸ்டாக்ஹோமில் செயல்பாட்டுக்கு வந்தது. அதில் 179 கோபால்ட் கதிர் மூலங்கள் இருந்தன. இப்போதைய கருவிகளில் 192 இருக்கின்றன.

பள்ளிக்கூட வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள். ஏறக்குறைய அதே யோசனைதான். 192 மெல்லிய காமா கதிர்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து தலைக்குள் நுழைகின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனமானது, அது கடந்துபோகும் மூளைப் பகுதிக்குப் பெரிய பாதிப்பு இல்லை. எல்லாம் சந்திக்கும் ஒரே புள்ளியில் மட்டும் கதிரின் அளவு உச்சத்துக்குப் போகிறது. அந்தப் புள்ளி ஹமார்ட்டோமாவின் மேல் இருக்கும்படி, மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் கணக்குப் போடுகிறார்கள்.

ஹமார்ட்டோமாவுக்கு இந்தச் சிகிச்சையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் மார்செய் நகரில் உள்ள டிமோன் மருத்துவமனையின் ஜான் ரெஜிஸ். 2000-ம் ஆண்டில் அவரும் சகாக்களும் முதல் பத்து நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். பிறகு, முன்கூட்டியே திட்டமிட்டு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு 2017-ல் வந்தது.

சிகிச்சை நாள் எப்படி இருக்கும்? காலையில் தலையில் ஓர் உலோகச் சட்டத்தை நான்கு ஊசித் திருகுகளால் பொருத்துவார்கள். பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போதும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பார்கள். அந்தச் சட்டத்தோடு எம்.ஆர்.ஐ எடுக்கப்படும். பிறகு மருத்துவர்களும் மருத்துவ இயற்பியலாளரும் கணினி முன் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். பெற்றோருக்கு நீளமாகத் தெரியும் நேரம் இதுதான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே நடப்பது பேரம்! முடிச்சின் விளிம்புக்கு சுமார் 17 கிரே கதிர் போய்ச்சேர வேண்டும், பக்கத்தில் இருக்கும் பார்வை நரம்புக்கு 10 கிரேவுக்கும் குறைவாகத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். அந்த எண்கள் ஒத்துவரும் வரை திட்டத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

கருவிக்குள் இருப்பது அதிகபட்சம் ஓரிரு மணி நேரம். கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் வருடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், பழைய மூலங்கள் உள்ள கருவியில் அதே சிகிச்சைக்குக் கூடுதல் நேரம் ஆகும். அதற்காகப் பயப்பட வேண்டாம், கதிரின் மொத்த அளவு மாறாது. தையல் இல்லை, மொட்டை இல்லை. ஊசித் திருகு பட்ட இடத்தில் சின்னப் புள்ளிகள், கொஞ்சம் தலைவலி. பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான்...

இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள் பெரும்பாலும் 'மறுநாளே வீடு' என்பதோடு முடிந்துவிடுகின்றன. பெற்றோருக்குத் தெரிய வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மறுநாள் வீட்டுக்கு வரும் குழந்தை, மறுநாளே சிரிக்கும். அதே காரணமில்லாத சிரிப்பு. கதிர் பட்டவுடன் வலிப்பு நிற்பதில்லை. அதன் விளைவு மெதுவாக, மாதக்கணக்கில் வரும். சில குழந்தைகளுக்கு முதலில் கொஞ்சம் குறைந்ததுபோல் தெரியும், பிறகு மறுபடி கூடும், அதன் பிறகே உண்மையான மாற்றம் தொடங்கும். சிகிச்சை பலித்ததா இல்லையா என்று முடிவு செய்ய மூன்று வருடம் காத்திருக்கிறார்கள்.

மார்செய் ஆய்வைப் பாருங்கள். 57 பேருக்கு சிகிச்சை தரப்பட்டது. மூன்று வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள் 48 பேர். அவர்களில் பத்துக்கு நான்கு பேர், தொந்தரவு தரும் வலிப்பிலிருந்து முழுமையாக விடுபட்டார்கள். வலிப்பு அரிதாகிப்போனவர்களையும் சேர்த்தால் பத்துக்கு ஏழு பேர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டாவது முறையும் கதிர் சிகிச்சை தேவைப்பட்டது. சுமார் ஆறு பேரில் ஒருவருக்கு வலிப்பு தற்காலிகமாக அதிகரித்தது. நிரந்தர நரம்பியல் பாதிப்பு யாருக்கும் இல்லை. கோபமும் நடத்தைப் பிரச்னைகளும் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தன. அம்மாக்களிடம் கேட்டால், சிரிப்பு குறைந்ததைவிட இதைத்தான் முதலில் சொல்வார்களோ என்னவோ!

பத்துக்கு நான்கு என்பதைச் சிறிய எண்ணாகவும் பார்க்கலாம், பெரிய எண்ணாகவும் பார்க்கலாம். எந்த மாத்திரைக்கும் அசையாத வலிப்பு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அது பெரிய எண்தான்.

ஆனால் ரேடியோ சர்ஜரி எல்லோருக்கும் பொருந்தாது. முடிச்சு சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக, அகலமாக ஒட்டிக்கொண்டிருந்தால் பாதுகாப்பான அளவு கதிர் போதாது. மிகச் சிறிய குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது என்பதால் சட்டம் பொருத்துவதே சிரமம். கதிர் சிகிச்சையால் பல வருடங்கள் கழித்துப் புதிய கட்டி உருவாகும் அபாயம் மிக மிகக் குறைவு, ஆனாலும் பூஜ்ஜியம் இல்லை. எண்பது வயது வரை வாழப்போகும் குழந்தை என்பதால் அதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வருடம் காத்திருக்கும் நிலையில் குழந்தை இருக்கிறதா? ஒரு நாளைக்கு இருபது முறை சிரித்தாலும் பள்ளிக்குப் போய், நண்பர்களோடு விளையாடி, ஓரளவு படிக்கும் குழந்தைக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் பேச்சு குறைந்து, கற்றது மறந்துகொண்டே போகும் குழந்தைக்கு அந்த நேரம் இல்லை. அந்தக் குழந்தைக்கு உடனடிப் பலன் தரும் வழியைத்தான் தேட வேண்டும். மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி வெப்பத்தால் முடிச்சைச் சுடும் முறை ஜப்பானின் நீகாட்டாவில் வளர்ந்தது. லேசர் இழையால் அதே வேலையைச் செய்வதில் அமெரிக்காவின் ஹூஸ்டன் குழுவுக்குப் பெயர் உண்டு. எண்டோஸ்கோப்பி வழியாக முடிச்சின் இணைப்பைத் துண்டிப்பதும் ஒரு வழி. இவற்றில் பலன் சீக்கிரம் தெரியும். ஆனால் மூளைக்குள் கருவி போகிறது, அதற்கான அபாயமும் கூடவே வருகிறது.

அறுவை சிகிச்சையும் கதிரும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டது வேறொரு வகை வலிப்பில். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் வலிப்புக்காக 58 பெரியவர்களிடம் நடந்த அந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 78 சதவிகிதம் பேரும், கதிர் பெற்றவர்களில் 52 சதவிகிதம் பேரும் மூன்றாவது வருடத்தில் வலிப்பின்றி இருந்தார்கள். அந்த எண்களை அப்படியே குழந்தைகளின் ஹமார்ட்டோமாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால், 'கத்தி இல்லை என்றால் அதுதான் சிறந்தது' என்ற நம் எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

இந்தியாவுக்கு காமா நைஃப் வந்தது 1997-ல். டெல்லி எய்ம்ஸ், மும்பை ஹிந்துஜா, சண்டிகர் பி.ஜி.ஐ, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இருக்கிறது. சைபர்நைஃப், லினாக் கருவிகளாலும் ரேடியோ சர்ஜரி செய்கிறார்கள். ஆனால் கருவி எங்கே இருக்கிறது என்பதைவிட, குழந்தைகளின் வலிப்பை ஆராயும் குழு எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வேலூர் சி.எம்.சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற மையங்களில் நரம்பியல் மருத்துவர், அறுவை நிபுணர், கதிரியக்க நிபுணர், உளவியலாளர் எனப் பலர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு குழந்தையின் வீடியோ இ.இ.ஜி-யையும் ஸ்கேனையும் பார்ப்பார்கள். ஹார்மோன் பரிசோதனை, பார்வைப் புலப் பரிசோதனை, படிப்புத் திறன் மதிப்பீடு எல்லாம் நடந்த பிறகே எந்த வழி என்று முடிவாகும். ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு அதே நாளில் தேதி குறித்துக்கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

காத்திருக்கும் நாள்களில்...

சிகிச்சை முடிந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தும் தவறு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வேளை விட்டாலும் நீண்ட வலிப்பு வரலாம். வலிப்பு முழுமையாக நின்று, மருத்துவர் சொன்ன பிறகே, அதுவும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பெரிய வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பதோ, வாயில் ஸ்பூன் வைப்பதோ வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மிடசோலம் மூக்கு ஸ்பிரேயைப் பயன்படுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஸ்பிரே ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், கிணறும் குளமும் தனியாக வேண்டாம்.

வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். 'சிரித்தால் திட்டாதீர்கள் மிஸ், அது அவள் சிரிப்பது இல்லை' என்ற ஒரு வரி போதும். போனில் இருக்கும் அந்த வீடியோவையும் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ-யில் முடிச்சு அப்படியே இருக்கலாம். பார்த்ததும் பெற்றோருக்கு மனசு உடைந்துபோகும். ஆனால் வலிப்பு நின்றுபோன குழந்தைகளிலும் ஹமார்ட்டோமா பெரும்பாலும் அதே அளவில்தான் தெரிகிறது. 17 கிரே கதிர் அந்த முடிச்சைக் கரைக்காமலே எப்படி அமைதியாக்குகிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. சிகிச்சை பலித்ததா என்பதை ஸ்கேன் சொல்லாது, வீட்டில் எழுதும் கணக்குதான் சொல்லும். இன்று எத்தனை முறை, எந்த நேரத்தில், எத்தனை விநாடி. அதனால்தான் செக்கப்புக்கு வரும்போது ஸ்கேன் ஃபிலிமோடு அந்த டைரியையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்கிறார்கள்.